இரண்டாம் வயலினில் முதல் ஒத்திகை: வாத்தியத்திலிருந்து கண்டக்டர் குச்சி வரை

வடசென்னையில் ஆர்கெஸ்ட்ரா என்று சொன்னால் கல்யாண மேடையும் கீபோர்டும் ரிதம் பேடும்தான் கண்முன் வரும். இங்கே சொல்லப்போவது வேறு. சர்ச் ஹாலிலோ பள்ளி ஹாலிலோ வாரம் ஒரு நாள் இருபது முப்பது பேர் கூடி, ஸ்டாண்டில் நோட்ஸ் வைத்து, கண்டக்டர் குச்சியைப் பார்த்து வாசிக்கும் குழு. (பஸ் கண்டக்டர் இல்லை. ஆனால் இவர் கை காட்டாமல் வண்டி கிளம்பாது என்பதில் மட்டும் ஒற்றுமை.)

இப்படிப்பட்ட குழுவில் புதிதாகச் சேரும் வயலின்காரர்கள் பெரும்பாலும் இரண்டு வழியில் வருவார்கள். பெரம்பூர், ராயபுரம் பக்கம் சர்ச் கொயரில் வாசித்து வந்தவர்கள் ஒரு வகை. வாத்தியாரிடம் வர்ணம், கீர்த்தனை வரை கற்றவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு நோட்ஸ் தெரியும், ஒரே வரியைப் பல வயலின்களோடு சேர்ந்து வாசித்த பழக்கம் குறைவு. இரண்டாம் வகைக்கு விரல் நன்றாக ஓடும், ஆனால் ஸ்ருதி, உட்காரும் முறை, வில் எல்லாமே மாறும். யாராக இருந்தாலும் முதலில் இரண்டாம் வயலின் (மெட்டுக்குத் துணையாக வாசிக்கும் வயலின் பிரிவு) வரிசையில்தான் உட்கார வைப்பார்கள். அது தரம் தாழ்ந்த இடம் என்று நினைத்து வருபவர்கள் மூன்றாவது வாரத்தில் காணாமல் போகிறார்கள்.

1. தந்தியை 5, 2, 6, 3 கட்டைக்கு ஏற்றுங்கள்

கர்நாடக முறையில் தந்தி ச-ப-ச-ப (ஷட்ஜமம், பஞ்சமம் மாறி மாறி). ஆர்கெஸ்ட்ராவில் கனத்த தந்தியிலிருந்து ஜி, டி, ஏ, ஈ. கட்டைக் கணக்கில் (நம் ஊரில் ஸ்ருதியைச் சொல்லும் எண்) 5, 2, 6, 3. ட்யூனர் இல்லாவிட்டால் தம்புரா ஆப்பில் 6 கட்டை வையுங்கள். அந்த ஏ 440 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று ஆப்பின் செட்டிங்ஸில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முதலில் இரண்டாவது தந்தியை (மெல்லியதிலிருந்து எண்ணினால்) அந்த ஏ-வுக்குச் சேர்க்க வேண்டும். பிறகு ஏ-வைப் பஞ்சமமாகக் கேட்டு அதன் ஷட்ஜமத்தை டி தந்தியில் பிடியுங்கள். டி-யைப் பஞ்சமமாகக் கொண்டு ஜி. கடைசியில் ஏ-வை ஷட்ஜமமாகக் கேட்டால் அதன் பஞ்சமம் ஈ. காது பழகியவர்களுக்கு இது இரண்டு நிமிட வேலை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ச-ப-ச-ப முறையில் மூன்றாவது தந்திக்கும் இரண்டாவது தந்திக்கும் இடையே ப-ச, அதாவது நான்கு ஸ்வர தூரம்தான். அங்கே ப, த, நி என்று இரண்டு விரல் வைத்துவிட்டு அடுத்த தந்திக்குப் போய்விடுவோம். புது முறையில் எல்லாத் தந்திகளுக்கும் இடையே ஐந்து ஸ்வர தூரம். டி தந்தியில் மூன்றாவது விரலும் (அதுதான் ஜி) வைத்த பிறகுதான் ஏ. பழகிய கை இரண்டு விரலோடு தாவிவிடும், நடுவில் ஒரு நோட் விழுங்கப்படும். ஒத்திகையில் ‘யாரோ ஒருத்தர் ஜி-யை விட்டுடறீங்க’ என்று கண்டக்டர் சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

தளர்ந்த ஸ்ருதியில் ஒரு வருடம் கிடந்த பழைய தந்தியை ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள், அறுந்து முகத்தில் அடிக்கும். புது செட் போடுங்கள். ஒரு தந்தியைக் கழற்றி அதன் இடத்தில் புதியதை மாட்டி ஏற்றிய பிறகே அடுத்தது. நான்கையும் ஒன்றாகக் கழற்றினால் குதிரை (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) விழும். அழுத்தம் போனதும் உள்ளே முட்டுக்கொடுத்து நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரக்குச்சியும் சாயலாம். அதை நிமிர்த்துவது வீட்டு வேலை இல்லை, ரிப்பேர் செய்பவரிடம்தான் போக வேண்டும்.

2. குதிரையும் பிரடையும்

குதிரையின் கால்கள் இரண்டு எஃப் வடிவத் துளைகளின் உள்பக்க வெட்டுகளுக்கு நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். விரல் பலகை முடியும் இடத்தில் தந்தி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஈ தந்தி 3.5 மில்லிமீட்டர், ஜி தந்தி 5.5 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் சரி. அதற்கு மேலே போனால் விரல் வலிக்கும், ஸ்ருதியும் சற்று ஏறிக் கேட்கும்.

ஒவ்வொரு முறை பிரடையை (தந்தியை முறுக்கும் ஆணி) திருகும்போதும் தந்தி குதிரையின் தலையை விரல் பலகைப் பக்கம் இழுக்கும். பத்து நாள் கவனிக்காவிட்டால் குதிரை முன்னால் சாய்ந்து, ஒரு நாள் படார் என்று விழும். பக்கவாட்டில் பாருங்கள்: குதிரையின் டெயில்பீஸ் (தந்திகளின் கீழ்முனை மாட்டியிருக்கும் துண்டு) பக்க முகம் வயலின் மேல்பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, வயலினை மடியில் வைத்து, இரண்டு கை கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் குதிரையின் தலையைப் பிடித்து மயிரிழை மயிரிழையாகப் பின்னால் தள்ளுங்கள். குதிரையில் தந்தி உட்காரும் பள்ளங்களில் பென்சில் முனையைத் தேய்த்துவிட்டால் அடுத்த முறை இழுப்பு குறையும்.

எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பக்கம் வீடு என்றால் கடல் காற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் ஈ தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். விரலால் தடவும்போது சொரசொரப்பு தட்டினால் மாற்றிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் மரம் ஊதிப் பிரடை இறுகிக்கொள்ளும். அதே வயலினை ஏசி ஹாலுக்குக் கொண்டுபோனால் மரம் சுருங்கி, பிரடை வழுக்கி, தந்தி சடாரென்று தளரும். இறுகினால் பிரடை உரசும் இடத்தில் கொஞ்சம் உலர்ந்த சோப்பு, வழுக்கினால் கொஞ்சம் சாக்பீஸ். திருகும்போதே லேசாக உள்பக்கம் தள்ளித் திருகுவது இரண்டுக்கும் நல்லது. பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருந்தால் வயலினுக்கு உகந்தது. நம் ஊரில் அது ஏசி அறையில்தான் கிடைக்கும், அதனால் சமாளிப்பதே வேலை.

கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் வயலினை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் வார்னிஷ் இளகி, பெட்டியின் துணி அச்சு அதில் பதிந்துவிடும். ஒட்டுப் பசையும் விடும்.

3. நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்க

தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசித்தவர்களுக்கு இங்கே கணுக்கால் கிடைக்காது. தோளும் தாடையும்தான் தாங்க வேண்டும். ஷோல்டர் ரெஸ்ட் வாங்கி, தாடையை வைத்ததும் கழுத்து குனியாமல் இருக்கும் உயரத்துக்குத் திருகிக்கொள்ளுங்கள். சோதனை எளிது: இடது கையை முழுவதும் எடுத்துவிட்டால் பத்து நொடி வயலின் தானாக நிற்க வேண்டும்.

ஹாலில் கிடைக்கும் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி வயலினுக்கு எதிரி. வில்லை நுனி வரை இழுக்கும்போது முழங்கை கைப்பிடியில் இடிக்கும், பின்பக்கம் சரிந்த இருக்கை முதுகையும் சாய்த்துவிடும். கைப்பிடி இல்லாத மடக்கு நாற்காலி கேளுங்கள். இருக்கையின் முன்பாதியில் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும்.

வில் முடியை எவ்வளவு முறுக்குவது? நடுவில் குச்சிக்கும் முடிக்கும் இடையே ஒரு பென்சில் நுழையும் அளவு. வாசித்து முடித்ததும் தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் குச்சியின் வளைவு போய்விடும். ரோசின் (வில் முடியில் தேய்க்கும் பிசின்) நாலைந்து இழுப்பு போதும். தந்தியின் மேல் வெள்ளைப் பொடி மழையாக விழுந்தால் அதிகம் பூசிவிட்டீர்கள்.

4. கமகத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்

கமகம் என்றால் ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது. ஒருவர் அசைத்தால் அழகு, பதினைந்து பேர் பதினைந்து விதமாக அசைத்தால் புகைமூட்டம். ஸ்வரத்தை நேராக, அசையாமல் நிறுத்திப் பழகுங்கள். வைப்ரேட்டோ (விரலை ஆட்டி நோட்டை லேசாக அதிர வைப்பது) ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கர்நாடக வழியில் வந்தவர்களுக்கு இதற்கான பாடம் கையிலேயே இருக்கிறது. முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் சங்கராபரணத்தில், மேல்நாட்டு மெட்டில், கமகம் இல்லாமல் அமைந்தவை. தீட்சிதர் குடும்பம் சில காலம் வாழ்ந்தது இதே வடசென்னை மணலியில், முதலியார் குடும்பத்தின் ஆதரவில். வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் பாலுஸ்வாமி தீட்சிதர் அவருடைய தம்பி. அந்த நோட்டுஸ்வரங்களை டி-யை ஷட்ஜமமாக வைத்து, டி, ஏ தந்திகளில் வாசியுங்கள். இரண்டு தந்தியிலும் இரண்டாவது, மூன்றாவது விரல் ஒட்டி நிற்கும், முதல் விரல் தள்ளி நிற்கும். இதுவே டி மேஜர். தொடக்க நிலை ஆர்கெஸ்ட்ரா நோட்ஸில் பாதிக்கு இந்த விரல் அமைப்பு போதும்.

5. நோட்ஸை வாசிப்பதற்கு முன் படியுங்கள்

நோட்ஸ் கைக்கு வந்ததும் வயலினை எடுக்காதீர்கள். 2பி பென்சிலும் ரப்பரும் எடுங்கள். பேனா கூடவே கூடாது, அடுத்த வாரமே வில் குறி மாறும். முதலில் ஷார்ப், ஃப்ளாட் (நோட்டை அரை ஸ்வரம் ஏற்றும், இறக்கும் குறிகள்) எத்தனை, எங்கே மாறுகிறது என்று வட்டமிடுங்கள். திரும்ப வாசிக்க வேண்டிய இடங்கள், எத்தனை பார் (நோட்ஸில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாளச் சுற்று) சும்மா இருக்க வேண்டும், பக்கம் திருப்பும் இடம் வசதியாக இருக்கிறதா என்பவை அடுத்து. ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் பார் எண் எழுதி வைத்தால் ‘37-லிருந்து’ என்றதும் தேட வேண்டியதில்லை.

மேல்நோக்கி வாய் திறந்த வி வடிவக் குறி இருந்தால் வில்லை நுனியிலிருந்து மேலே தள்ள வேண்டும். கீழ்ப்பக்கம் திறந்த கட்டம் இருந்தால் அடியிலிருந்து கீழே இழுக்க வேண்டும். இதை முடிவு செய்வது முதல் வயலின் தலைவர், நம் வரிசைக்கு முன்னால் இருப்பவர் அதை நமக்குக் கடத்துவார். உங்களுக்கு வேறு விதம் சுலபமாக இருந்தாலும் வரிசையோடு போங்கள். பத்து வில் மேலே போகும்போது ஒன்று மட்டும் கீழே வந்தால், இசை தெரியாதவர் கண்ணிலும் படும்.

6. ‘தக’வில் ‘த’ மௌனம்

இரண்டாம் வயலினுக்கு அதிகம் வருவது அடிக்கு நடுவே விழும் நோட்டுகள். குச்சி கீழே வரும்போது மௌனம், அதற்குப் பிறகு ஒரு சின்ன நோட். புதியவர்கள் இரண்டே வரியில் அடியின் மேலேயே ஏறிவிடுவார்கள். மனதுக்குள் ‘தக தக தக தக’ சொல்லுங்கள். ‘த’ குச்சிக்கு, ‘க’ உங்கள் வில்லுக்கு. வில்லைத் தந்தியிலிருந்து தூக்காமல், நடுப்பகுதியில் இரண்டு விரற்கடை நீளம் மட்டும், எல்லாமே மேல்வில்லாகச் சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். ‘த’வில் வில் தந்தி மேல் படுத்து நிற்க வேண்டும். அந்த இடத்தில் அதை ஆகாயத்தில் வைத்திருப்பவர்தான் தாமதமாக விழுவார்.

நான்கு அடித் தாளத்தில் குச்சி எப்படிப் போகும்? நம் கண்ணுக்கு ஒன்று கீழே, இரண்டு நம் வலப்பக்கம், மூன்று இடப்பக்கம், நான்கு மேலே. மூன்று அடி என்றால் கீழே, நம் இடப்பக்கம், மேலே. தொடங்கும் முன் ஒரு அடி வெறுமனே காட்டுவார், வேகம் அதிலேயே இருக்கும். கையால் தாளம் போட முடியாது, காலால் தட்டினால் பக்கத்தில் இருப்பவர் முறைப்பார். ஷூவுக்குள் கட்டைவிரலை அசைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பார்களை 1-2-3-4, 2-2-3-4, 3-2-3-4 என்று முதல் எண்ணை மட்டும் மாற்றி எண்ணுங்கள்.

வழி தவறினால்? தவறுவீர்கள். ஆனாலும் நிறுத்தாதீர்கள். வில்லைத் தந்திக்கு மேலே சத்தம் வராமல் வரிசையோடு ஓட்டியபடி, ஒவ்வொரு பாரின் முதல் நோட்டை மட்டும் தேடுங்கள். ஒன்று கிடைத்துவிட்டால் அதை மட்டும் வாசியுங்கள், அடுத்த பாரிலும் முதல் நோட் மட்டும். இரண்டு வரியில் மீதி தானாக ஒட்டிக்கொள்ளும். வேகமான இடங்களுக்கு வீட்டிலும் இதே முறைதான்: மெட்ரோநோமில் (தாளம் தட்டும் கருவி) 60 வைத்து அடிக்கு ஒரு நோட், பிறகு எல்லா நோட்டும், பிறகு நான்கு நான்காக வேகத்தை ஏற்றுங்கள். தினம் அரை மணி நேரம் போதும், அதில் பன்னிரண்டு நிமிடமாவது கஷ்டமான நாலு பாருக்கே போகட்டும். சுலபமான பகுதியை ரசித்து ரசித்து வாசிப்பது பயிற்சி ஆகாது.

7. ஹாலில்

இருபது நிமிடம் முன்னால் போங்கள். பெட்டியைத் திறந்து பத்து நிமிடம் வைத்தால் அறையின் சூட்டுக்கு மரம் பழகும், அதற்குப் பிறகு செய்யும் ட்யூன் கலையாமல் நிற்கும். ஓபோ (ஊதும் குழல் வாத்தியம்) இருந்தால் அது ஏ கொடுக்கும், இல்லாவிட்டால் கீபோர்டோ தலைமை வயலினோ. அப்போது யாரும் பேசுவதில்லை, கஷ்டமான இடத்தை ஓட்டிப் பார்ப்பதும் இல்லை.

ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர். பார்வையாளர் பக்கம் இருப்பவர் வாசித்துக்கொண்டே இருப்பார், உள்பக்கம் இருப்பவர் இரண்டு பார் முன்பே நிறுத்திப் பக்கம் திருப்புவார். புதியவர் என்றால் அந்த உள்பக்கம் உங்களுடையது. ஒரே வரியில் இரண்டு நோட் அடுக்கி, பிரித்து வாசிக்கச் சொல்லியிருந்தால் கீழ் நோட்டும் உங்களுக்குத்தான்.

பையில் பென்சில், ரப்பர், உதிரி ஈ தந்தி, மெல்லிய துணி, மியூட் (குதிரையில் மாட்டிச் சத்தத்தைக் குறைப்பது) இருக்கட்டும். மறக்காமல் நாலு துணி கிளிப். மேலே ஓடும் ஃபேன் முழு வேகத்தில் இருந்தால், கிளிப் இல்லாத நோட்ஸ் மூன்றாவது பாரிலேயே செல்லோக்காரர் மடியில் இருக்கும்.