இடுப்பு வலிக்கு மகராசனம்: என் அனுபவம்

நாள்தோறும் 8 மணி நேரம் கணினி முன் அமர்ந்து கணக்கு எழுதும் எனக்கு, காலையில் ஷூ கயிறு கட்டக் குனிந்தாலே இடுப்பில் சுருக்கென்று பிடித்துக்கொள்ளும். எலும்பு மருத்துவர் ஸ்கேன் பார்த்து, இது தசைப்பிடிப்புதான், மாத்திரையோடு யோகாவும் செய்யலாம் என்று சொன்ன பிறகே தொடங்கினேன். முதல் வாரம் ஆர்வக்கோளாறில், நின்றபடி முன்னால் குனிந்து கைகளால் பாதங்களைத் தொடும் பாதஹஸ்தாசனம் செய்து வலியைக் கூட்டிக்கொண்டது முழுக்க என் தவறு. பிறகு ஆசிரியர், முன்புறம் வளையும் ஆசனங்களை நிறுத்திவிட்டு, குப்புறப் படுத்து மடித்த கைகளின்மேல் நெற்றியைச் சாய்க்கும் மகராசனத்தில் 5 நிமிடம் இருக்கவும், தொப்புள் தரையை விட்டு எழாத அளவுக்கு மட்டும் நெஞ்சை உயர்த்தும் புஜங்காசனத்தை மூச்சை அடக்காமல் 3 முறை செய்யவும் சொல்லிக்கொடுத்தார். 6 வாரங்களில் வலி வெகுவாகத் தணிந்தது. மாத்திரையை மருத்துவரே குறைத்தார். இடையிடையே எழுந்து நடக்க மறந்த நாள்களில் மட்டும், மாலையானால் இடுப்பு நினைவூட்டிவிடுகிறது.