கோல் கம்பத்தில் வலைத்திரை கட்டிக் குறி பழக்கும் முறை

குமரி மாவட்டத்துத் தூத்தூரில் தொடங்கி நீரோடி வரையிலும், கேரள எல்லையைத் தாண்டினால் பொழியூரிலும், மாலை நேரத்தில் கால்பந்து உருளாத கடற்கரை ஊர் இல்லை. இந்திய அணி வரை சென்று ஆடிய மைக்கேல் சூசைராஜ் பிறந்த இரவிபுத்தன்துறையும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. மணலில் ஆடி வளரும் நம் பிள்ளைகளுக்குக் கால் வலுவிலோ ஓட்டத்திலோ குறை சொல்ல முடியாது. ஆனால் கோலுக்கு முன்னால் பந்து கிடைத்தவுடன் தலையைக் குனிந்துகொண்டு முழு பலத்தோடு நடுவில் அடித்துக் கோல் கீப்பரின் கையில் கொடுத்துவிடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. ‘ஓரமாக அடி’ என்று கரையில் நின்று கத்துவதைவிட, நடுப்பகுதியையே மூடிவிட்டு ஓரங்களை மட்டும் திறந்து வைப்பது மிக நல்ல பயிற்சி என்பது என் உறுதியான கருத்து. அதற்கு வேண்டிய பொருள் நம் ஊரில் விலையின்றியே கிடைக்கும்.

முழு அளவுள்ள கோலின் உள் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். இரு பக்கமும் 1.2 மீட்டர் வீதம் திறப்பு விட்டால், நடுவில் மூட வேண்டிய அகலம் ஏறக்குறைய 4.9 மீட்டராகும். பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்தின் குறுக்களவு சுமார் 22 சென்டிமீட்டர்தான் என்பதால், தொடக்கநிலை ஆட்டக்காரருக்கு இந்தத் திறப்பு தாராளமானது. சிறிய கோலாக இருந்தால், மொத்த அகலத்தில் ஆறில் ஒரு பங்கை ஒவ்வொரு ஓரத்திலும் திறந்து விட்டால் போதும்.

திரைக்கு உகந்தது பழைய இழுவலை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், அப்போது கரையில் வலை பழுது பார்ப்பவர்களிடம் கேட்டால் கழித்துப் போட்ட துண்டுகள் கிடைக்கும். தங்கூசி வலையை, அதாவது ஒற்றை நைலான் இழையால் பின்னியதை, வாங்க வேண்டாம். அந்த மெல்லிய இழை பந்தின் அடியைத் தாங்காது, சிக்கிய விரலையும் அறுத்துவிடும். பல புரிகள் சேர்த்து முறுக்கிய தடித்த நூலால் பின்னப்பட்டதும், கண்ணளவு 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை உள்ளதுமான துண்டைத் தேர்ந்தெடுங்கள். இதைவிடச் சிறு கண் உள்ள வலை கடற்காற்றை வாங்கிப் பாயைப் போல உப்பிக் கோலையே இழுக்கும். ஏற்கெனவே அறுந்த கண்களை வலை ஊசியால் பொத்திவிடுங்கள். அப்படியே விட்டால் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும்.

வலையை எவ்வளவு தொய்வாகத் தொங்கவிடுகிறோம் என்பதில்தான் இந்தத் திரையின் பயனே இருக்கிறது. விறைப்பாகக் கட்டிய வலையில் பட்ட பந்து அடித்தவரின் முகத்துக்கே திரும்பி வரும். தொய்வாகத் தொங்கும் வலையோ பந்தின் வேகத்தை உள்வாங்கி அதைக் காலடியில் விழச் செய்யும். ஆகவே 4.9 மீட்டர் மூடுவதற்கு 6 மீட்டர் அகலமுள்ள வலையை எடுத்து, மேல் விளிம்பில் ஒரு கயிற்றைக் கோத்து, மீன் வலையில் தலைக்கயிறு கட்டுவதுபோலச் சீராகச் சுருக்கிக் கட்டுங்கள். உயரத்திலும் ஒரு சாண் கூடுதலாக விடுங்கள். கீழ் விளிம்பில் ஈயக்குண்டுகள் இருந்தால் அவற்றை முழுவதும் அகற்றிவிட்டு, துணியால் தைத்த நீளமான பையில் மணலை நிரப்பிக் கட்டினால், காற்றுக்குத் திரை தூக்காது, பந்து அடியில் நுழைந்தும் போகாது.

தலைக்கயிற்றைக் குறுக்குக் கம்பத்தின் முன்பக்கத்தில் துணிநாடாவால் 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கட்டினால் பத்து நிமிடத்தில் கழற்றவும் முடியும். கம்பத்தில் துளை போடுவதும் இரும்புக் கொக்கி பற்றவைப்பதும் கூடாது. துளை விழுந்த இடத்தில் உப்புக்காற்று துருவை ஏற்றும். கொக்கியில் விரலோ மோதிரமோ மாட்டினால் பெரிய காயம் ஏற்படும். கனமான டயர்களைக் குறுக்குக் கம்பத்தில் தொங்கவிடும் பழக்கத்தையும் நான் ஏற்பதில்லை. அவற்றின் எடை முழுவதும் முன்பக்கம் இறங்குவதால் கோல் கவிழும் ஆபத்து கூடும்.

கவிழ்ந்த கோலின் அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. எந்தக் கோலும் தரையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆட்ட விதியிலேயே உள்ளது. நம் மணலில் முளை அடித்தால் நிற்காது. அதற்குப் பதிலாக, மணல் நிரப்பிய நான்கு சாக்குகளை ஓரடிக்கு மேல், முடிந்தால் இரண்டடி ஆழத்தில் படுக்கவைத்துப் புதைத்து, கோலின் பின்புறத் தரைக்குழாயை அவற்றோடு கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். பிறகு பெரியவர்கள் இருவர் குறுக்குக் கம்பத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்து முன்னோக்கி இழுத்துப் பாருங்கள். பின்குழாய் சற்றேனும் எழும்பினால் அன்று பயிற்சி வேண்டாம். பற்றவைப்பு மூட்டுகளில் துரு இருக்கிறதா என்பதையும் அவ்வப்போது தட்டிப் பார்க்க வேண்டும்.

திரை தயாரானதும், ஒவ்வொரு திறப்பின் பாதி உயரத்திலும் குறுக்காக ஒரு கயிறு கட்டி, அதற்கு மேலுள்ள பகுதியை வலைத்துண்டால் மூடிவிடுங்கள். முதலில் பழக வேண்டியது தாழ்வான பந்து; கோல் கீப்பர் கீழே விழுந்து கையை நீட்டுவதற்கு நேரம் எடுக்கும், உயரமாக அடிக்கப் போய்க் கம்பத்துக்கு மேலே போகும் வீணும் குறையும். திறப்பின் நடுவில், அதாவது கம்பத்திலிருந்து 60 சென்டிமீட்டர் உள்ளே, ஒரு துணிப்பட்டையைத் தொங்கவிடுங்கள். கம்பத்தையே குறிபார்க்கும் பிள்ளை சற்றுத் தவறினாலும் பந்து வெளியே போய்விடும். பட்டையைக் குறிபார்ப்பவருக்கு இரு பக்கமும் தவறுவதற்கு இடமிருக்கும்.

பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு சற்றுச் சிறிய நான்காம் எண் பந்தைக் கொடுத்து 8 மீட்டரிலிருந்து தொடங்குங்கள். நின்ற பந்து பழகியபின் பக்கத்திலிருந்து உருட்டிவிட்ட பந்து, அதன்பின் ஓடிவந்து அடிப்பது என்று முன்னேறலாம். பெரியவர்கள் 11 மீட்டர் பெனால்டி புள்ளியிலிருந்தும் பிறகு பெனால்டி பகுதியின் 16.5 மீட்டர் கோட்டிலிருந்தும் அடிக்கலாம்.

எந்தத் திறப்பு என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிள்ளை பந்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடிவந்து அடிக்கும், தலை நிமிராது. ஆகவே இடது பட்டைக்குச் சிவப்பும் வலது பட்டைக்கு மஞ்சளும் வைத்து, கோலுக்குப் பக்கவாட்டில் பந்து வராத தொலைவில் ஒருவரை நிறுத்தி, பந்தைக் கடைசியாகத் தட்டி முன்னே விடும் நொடியில் ஒரு வண்ணத் துணியைத் தூக்கச் சொல்லுங்கள். வாயால் சொல்லக் கூடாது. கண்ணால் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ஆளுக்கு ஆறு பந்து என்று சுற்று வைத்து, திறப்பில் புகுந்தவை, திரையில் பட்டவை, வெளியே போனவை என்று ஒரு நோட்டில் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் பட்டதையும் வெளியே போனதையும் ஒரே தவறாக எண்ணக் கூடாது. திரையில் பட்ட பந்து கோல் கீப்பரைச் சோதித்த பந்து. அவர் தட்டிவிட்டால் கூட்டாளிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. வெளியே போனவை அதிகமாகும் பிள்ளைக்குத் திறப்பை அகலமாக்குங்கள். ஆறில் நான்கைத் தொடர்ந்து புகுத்துபவருக்கு 30 சென்டிமீட்டர் அகலமுள்ள வலைப்பட்டையை இரு பக்கமும் சேர்த்துக் குறுக்குங்கள், அப்போது தொங்கும் துணிப்பட்டையையும் புதிய நடுவுக்கு நகர்த்துங்கள்.

ஒவ்வொரு பயிற்சியின் கடைசிக் கால் மணி நேரத்தில் திரையைக் கழற்றிவிட்டுக் கோல் கீப்பரை நிறுத்தி அடிக்கச் செய்வது கட்டாயம். அசையாத திரைக்கு எதிராக மட்டுமே பழகியவர், ஒரு பக்கமாகச் சாய்ந்து நகரும் கோல் கீப்பர் எந்த ஓரத்தைத் திறந்து விடுகிறார் என்பதைக் கவனிக்கப் பழக மாட்டார். கழற்றிய வலையை வெயிலில் போட்டுவைக்காமல், நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி மடித்து வையுங்கள். நைலான் நூல் வெயிலில் இற்றுப்போகும்.