முதலில் எழுவது கீழ்த்தளம்: போர்ட்லண்ட் ஸ்டீல் பிரிட்ஜைப் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து போர்ட்லண்டுக்கு யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிப்போவது வில்லாமெட் ஆற்றங்கரைக்குத்தான், கப்பலுக்கு வழிவிட ஸ்டீல் பிரிட்ஜ் என்ற தூக்குப் பாலம் மேலே எழுவதைப் பார்க்க. சிலர் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "ஒண்ணும் நடக்கலையே" என்று கிளம்பிவிடுவார்கள். எனக்கு மனசே ஆறாது. எங்கே நிற்பது, எதற்குக் காது கொடுப்பது, கண்ணை எங்கே வைப்பது என்று தெரிந்துவிட்டால் அந்தக் காத்திருப்பே இனிக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாலத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். 1912-ல் திறந்தது. இரண்டு அடுக்கு. மேலே கார், பஸ், மேக்ஸ் என்ற நகர ட்ராம். கீழே சரக்கு ரயிலும் ஆம்ட்ராக் பயணிகள் ரயிலும். கீழ்த்தளத்தின் தெற்கு ஓரத்தில் 2001 முதல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒரு பாதை உண்டு. இரு பக்கமும் கோபுரம், நடுவில் இருக்கும் பகுதி நெட்டுக்குத்தாக எழும். நம் பாம்பனில் 1914 முதல் இருந்த பழைய ரயில் பாலம் இரண்டு கைகளாகப் பிரிந்து வானத்தைப் பார்த்து விரியும்; 2025-ல் திறந்த புதியது லிஃப்ட் போல மேலே போகும். இதுவும் அந்தப் புதியதன் இனம்தான். ஆனால் பாம்பனில் ரயிலுக்கு ஒரு பாலம், பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே வேறொரு பாலம். இங்கே இரண்டும் ஒரே கூட்டுக்குள், ஒன்றின் மேல் ஒன்று.

இதன் அழகே, மேல்தளத்தை அசைக்காமல் கீழ்த்தளத்தை மட்டும் தூக்க முடியும் என்பதுதான். மூடியிருக்கும்போது கீழ்த்தளத்துக்கும் தண்ணீருக்கும் இடையே சுமார் 26 அடி. கீழ்த்தளம் எழுந்து மேல்தளத்தின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டால் 72 அடி. இரண்டும் சேர்ந்து எழுந்தால் 163 அடி. இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வருகிற கப்பலின் உயரத்தைக் கண்ணால் அளந்தாலே எந்தத் தளம் அசையும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

எங்கே நிற்பது? பாலத்துக்குத் தெற்கே நில்லுங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், கண் கூசாது. மேற்குக் கரையில் வாட்டர்ஃப்ரன்ட் பார்க்கின் வடகோடி, செர்ரி மரங்கள் நிற்கும் இடம், முழுப் பாலத்தையும் ஒரே பார்வையில் காட்டும். கிழக்குக் கரையில் ஈஸ்ட்பேங்க் எஸ்பிளனேடு நடைபாதையில் ஒரு பகுதி தண்ணீரிலேயே மிதக்கிறது. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் பாலத்தின் பாரம் புரியும். ஆனால் எனக்குப் பிடித்த இடம் இவை இரண்டும் இல்லை. கீழ்த்தள நடைபாதையின் கேட்டுக்கு வெளியேதான்.

போன அக்டோபரில் ஒரு தூறல் காலையில் என் மகளோடு அங்கே நின்றிருந்தேன். மணி அடித்தது, கேட் மூடியது. இரண்டு சைக்கிள்காரர்கள் எங்கள் பக்கத்தில் காலூன்றி நின்றார்கள். ஒரு கணம் எதுவும் இல்லை. பிறகு எதிரே இருந்த தரை அப்படியே, குலுங்காமல், மேலே போக ஆரம்பித்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்தின் வெட்டுமுனை மட்டும் வெறும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது. எழுந்த தளத்தின் விளிம்பிலிருந்து மழைத்தண்ணீர் ஒரே வரிசையாகச் சொட்டியது. அதே நேரம் எங்கள் தலைக்கு மேல் ட்ராம் ஒன்று சாவகாசமாகக் கடந்துபோனது. உள்ளே இருந்தவர்களுக்குக் காலடியில் ஒரு ரயில் பாதையே மேலேறி வருவது தெரிந்திருக்காது.

கீழ்த்தளம் எழும்போது அதைத் தாங்கும் நெட்டுத் தூண்களைக் கவனியுங்கள். அவை மேல்தளச் சட்டத்தின் தூண்களுக்குள் நுழைந்து மறையும், பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியல் ஒன்றுக்குள் ஒன்று போவது போல. இவ்வளவு இரும்பை மோட்டார் தனியாகத் தூக்குவதில்லை. மேல்தளத்துக்கு 2, கீழ்த்தளத்துக்கு 8 என்று பத்து எதிர் எடைகள் இருக்கின்றன. எல்லாம் சேர்த்து 90 லட்சம் பவுண்டு, ஏறக்குறைய 4,000 டன். கிணற்று ராட்டினத்தின் மறுமுனையில் அதே எடையைக் கட்டிவிட்டால் வாளி எப்படி லேசாக வருமோ அப்படி. முதல் சில தடவை நான் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்து இதையெல்லாம் தவறவிட்டேன். கப்பல் எங்கேயும் போய்விடாது. தளம் அசைய ஆரம்பிக்கும் அந்த முதல் சில நொடிகள்தான் முக்கியம்.

எப்போது திறக்கும் என்று எப்படித் தெரியும்? காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒரு நீண்ட ஊதல், ஒரு குட்டை ஊதல் என்றால் 'பாலத்தைத் திற' என்று படகு கேட்கிறது. அதே ஒலி திரும்பி வந்தால் திறக்கப்போகிறார்கள். ஐந்து குட்டை ஊதல் என்றால் இப்போது முடியாது. பெரும்பாலும் ரயில் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம், அதையும் நின்று பாருங்கள். பல படகுகள் ஊதாமல் ரேடியோவிலேயே பேசிவிடும். கையில் ரேடியோ ஸ்கேனர் இருந்தால் கடல்சார் விஎச்எஃப் அலைவரிசையில் 13-ஆம் சேனலை வைத்துக் கேளுங்கள். கப்பல் இருக்குமிடம் காட்டும் செயலியும் உதவும். ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கும் நாட்களில் அந்த 26 அடி இடைவெளி குறைந்துவிடும், அதனால் சிறிய படகுக்கும் தளம் எழ வேண்டி வரலாம். ஒரு சனிக்கிழமை மூன்று மணி நேரம் நின்று ஒன்றும் வராமல் திரும்பியிருக்கிறேன். அதனால் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

மேல்தளமும் எழுவதைப் பார்ப்பது அரிது. அதற்கு நல்ல காலம் ஜூன் தொடக்கம், ரோஜா விழாவை ஒட்டி கடற்படைக் கப்பல்கள் ஆற்றுக்குள் வரும் நாட்கள். அவை வடக்கிலிருந்துதான் வரும். வடக்கே தெரிகிற பிராட்வே பாலத்தின் இரண்டு கைகளும், பழைய பாம்பன் பாலம் போல, எழுகின்றனவா என்று பாருங்கள். எழுந்தால் அடுத்த முறை நம் பாலத்துக்கு. ட்ராமும் கார்களும் இரு பக்கமும் நிற்கும். மேல்தளச் சட்டத்தின் உச்சியில் ஒரு எந்திர வீடு இருக்கிறது, அதற்கு அடியில் தொங்குவதுதான் இயக்குபவரின் அறை. அவர் தூக்குகிற பாலத்தோடு அவரும் மேலே போகிறார்! கோபுரத்தில் பெரிய எதிர் எடை கீழே இறங்குவது அப்போது நன்றாகத் தெரியும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. மணி அடித்த பிறகு நடைபாதைக்குள் ஓடாதீர்கள், 'இன்னும் மூடலையே' என்று குழந்தையை இழுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். ரயில் பாதைக்கும் நடைபாதைக்கும் நடுவே உள்ள வேலிக்குள் கேமராவை நீட்ட வேண்டாம்.

கப்பல் போனதும் கிளம்பிவிடாதீர்கள். இறங்கும்போது தளம் மெதுவாகத்தான் வந்து உட்காரும். கடைசியில் இரும்பு இரும்போடு சேரும் 'டங்' என்ற சத்தம் கேட்டு மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கேட் திறந்தது. சைக்கிள்காரர்கள் முன்னே போக, நாங்கள் பின்னால் நடந்தோம். தண்டவாளம் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் ஈரத்தோடு மின்னியது.