பேதி மருந்து குடித்தும் வயிறு அசையவில்லையா?

கொலோனோஸ்கோபிக்கு (கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) முந்தின நாள், குடலைச் சுத்தம் செய்யும் பவுடரைக் கரைத்துக் குடித்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வருஷம் என் அப்பாவுக்கு இப்படித்தான். நாலு டம்ளர் உள்ளே போயும் வயிறு பானை மாதிரி உப்பி நின்றது. முதல் முறை கழிவறைக்குப் போக இரண்டரை மணி நேரம் ஆனது.

முதலில் பதறாமல் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். பெரும்பாலும் தருவது பாலிஎத்திலீன் கிளைகால் பவுடர். அது தண்ணீரை உடம்பு உறிஞ்ச விடாமல் குடலிலேயே நிறுத்தி, மலத்தைக் கழுவிக்கொண்டு வரும். சிலருக்கு ஒரு மணி நேரத்தில் தொடங்கும். சிலருக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். நாள்பட்ட மலச்சிக்கலோ சர்க்கரை நோயோ இருந்தால் தாமதம் சகஜம்.

அடுத்து, எழுந்து நடங்கள். அப்பாவைக் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்க வைத்தேன். வயிற்றில் கடமுடா சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

மீதி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சொன்ன இடைவெளியில் ஒவ்வொரு டம்ளராகக் குடியுங்கள். குமட்டினால் அரை மணி நேரம் விட்டு, குளிரவைத்துக் குடித்தால் இறங்கும். நடுவில் பால் சேர்க்காத டீ, வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ் குடிக்கலாம். சிவப்பு நிற பானம் வேண்டாம், குடலில் ரத்தம் மாதிரி தெரியும். கிட்னி, இதய நோய் உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"இன்னொரு பாக்கெட் கரைத்தால் என்ன?" என்று வீட்டில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். கேட்காமல் செய்யாதீர்கள். விளக்கெண்ணெயும் வேண்டாம், கடையில் வாங்கும் வேறு பேதி மருந்தும் வேண்டாம். பாஸ்பேட் கலந்த சில மருந்துகள் கிட்னியைக் கெடுத்துவிடும். மூன்று நான்கு மணி நேரமாகியும் போகவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். ராத்திரி ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம்.

வயிறு கல் மாதிரி இறுகி, தாங்க முடியாத வலி, ஓயாத வாந்தி, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் குடிப்பதை நிறுத்திவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். குடலில் அடைப்பு இருக்கலாம்.

அப்புறம், எத்தனை தடவை போனது என்பதைவிட நிறம்தான் முக்கியம். கடைசியில் இளமஞ்சளாக, தெளிந்த நீராகப் போக வேண்டும். காலையிலும் கலங்கலாகப் போனால், பரிசோதனைக்கு முன்பே நர்ஸிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் சின்னக் கட்டிகள் கண்ணுக்குத் தப்பிவிடும்.