விண்டோஸ் போடும்போது டிஸ்க்கே காட்டவில்லையா? புது எஸ்எஸ்டி வாங்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

பென்டிரைவில் விண்டோஸ் 11 ஏற்றி, லேப்டாப்பில் செருகி, மொழி, கீபோர்டு எல்லாம் கொடுத்து, எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும் திரை வரைக்கும் ஒழுங்காக வந்துவிடும். அங்கே பார்த்தால் பட்டியல் காலி. டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை, ஸ்டோரேஜ் டிரைவர் வேண்டுமென்றால் 'லோட் டிரைவர்' அழுத்து என்று ஒரு வரி மட்டும் இருக்கும். இதைப் பார்த்ததும் பாதிப் பேர் டிஸ்க் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

என் சித்தி பையனுக்கும் இதுதான் நடந்தது. ஃபார்மட் அடிக்கப் பக்கத்துக் கடையில் கொடுத்திருக்கிறான், அவர்கள் எஸ்எஸ்டி செத்துப்போச்சு என்று சொல்லிப் புதிது ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார்கள், அதுவும் தெரியவில்லை, அப்புறம் 'தம்பி, போர்டு கம்ப்ளெயின்ட்' என்று கையை விரித்துவிட்டார்கள். என்னிடம் எடுத்து வந்தான். பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னாலேயே வரும் லேப்டாப்பின் சொந்த செட்டிங்ஸ் திரைக்குள், போனால் புது எஸ்எஸ்டி பெயரோடும் அளவோடும் ஜம்மென்று நிற்கிறது. பழையதை மாட்டிப் பார்த்தேன், அதுவும் நிற்கிறது. "அண்ணே, அப்ப ஏன் அங்க வரல?" என்றான். அதற்கான பதில்தான் இந்தப் பதிவு.

விண்டோஸ் செட்டப் என்பதே ஒரு குட்டி விண்டோஸ்தான். பென்டிரைவிலிருந்து ராமுக்குள் ஏறி ஓடுகிறது, அதற்கு எக்ஸ் என்று ஒரு டிரைவ் எழுத்துகூட உண்டு. அதன் கையில் மைக்ரோசாஃப்ட் உள்ளே வைத்து அனுப்பிய டிரைவர்கள், அதாவது ஹார்டுவேரோடு பேசத் தெரிந்த குட்டி சாஃப்ட்வேர்கள், மட்டும்தான் இருக்கும். சாதாரண என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் (புது, வேகமான இணைப்பு வகை) சாட்டா டிஸ்க்குக்கும் (பழைய வகை) அது போதும். ஆனால் 2020-இல் வந்த இன்டெல் 11-ஆம் தலைமுறை பிராசஸரிலிருந்து நிறைய லேப்டாப்களில் எஸ்எஸ்டி நேராக வெளியே தெரிவதில்லை, விஎம்டி என்கிற கன்ட்ரோலருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்குள் ஆள் இருக்கிறார், கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் பேசுகிற பாஷைதான் செட்டப்புக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எத்தனை புது டிஸ்க் மாற்றினாலும் வாட்ச்மேன் அதே ஆள்தானே. அவரிடம் பேசத் தெரிந்த டிரைவர் இன்டெல்லின் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி, சுருக்கமாக ஆர்எஸ்டி.

இது புதுத் தலைவலியும் இல்லை. எக்ஸ்பி காலத்தில் செட்டப் ஆரம்பிக்கும்போது நீலத்திரையின் அடியில் எஃப்6 அழுத்து என்று ஒரு வரி சில நொடிகள் வந்து போகும். அதற்குள் அழுத்தி, டிரைவரை ஃபிளாப்பியில் கொடுக்க வேண்டும், ஃபிளாப்பியில் மட்டும்தான். ஃபிளாப்பி டிரைவே இல்லாத லேப்டாப்பில் என்ன செய்வது என்று அன்றைக்கு மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கும் டிரைவர் ஃபோல்டரில் எஃப்6 என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பயாஸ். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட், எச்பியில் எஃப்10. அங்கே டிஸ்க்கின் பெயரும் அளவும் தெரிகிறதா பாருங்கள். மெயின் பக்கத்தில் இல்லையென்றால் ஸ்டோரேஜ் பக்கத்தையும், இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் என்று தனிப் பக்கம் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள், விஎம்டி இயங்கும்போது சில மாடல்களில் அங்கே மட்டும்தான் காட்டும். எங்கேயுமே இல்லையென்றால் டிரைவர் தேடிப் பயனில்லை. எஸ்எஸ்டியைக் கழற்றி மாட்டுங்கள். எம்.2 என்கிற ஒல்லியான கார்டு வடிவ எஸ்எஸ்டியில் சாட்டா வகை, என்விஎம்இ வகை என்று இரண்டு உண்டு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒரு வகைக்கு மட்டும் வேலை செய்யும் ஸ்லாட்டில் இன்னொன்றைச் செருகினால் காட்டாது. அதையும் சரிபாருங்கள்.

இன்னொரு செய்தி ஆளைக் குழப்பும்: 'உன் கணினிக்குத் தேவையான மீடியா டிரைவர் இல்லை, அது டிவிடி, யூஎஸ்பி அல்லது ஹார்ட் டிஸ்க் டிரைவராக இருக்கலாம்' என்று வரும். ஹார்ட் டிஸ்க் என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு ஆர்எஸ்டி தேடி அலையாதீர்கள். இது பெரும்பாலும் நீங்கள் செருகிய பென்டிரைவையே செட்டப்பால் படிக்க முடியவில்லை என்பதுதான். விண்டோஸ் 7 போடும்போது நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகினால் பெரும்பாலும் வரும், ஏனென்றால் 7-க்கு யூஎஸ்பி 3.0 டிரைவர் உள்ளே கிடையாது. வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள், அப்படியும் வந்தால் விண்டோஸின் ஐஎஸ்ஓ ஃபைலை மறுபடி இறக்கிப் பென்டிரைவைப் புதிதாகத் தயார் செய்யுங்கள்.

பயாஸில் டிஸ்க் இருக்கிறது, செட்டப்பில் இல்லை, இன்டெல் 11 அல்லது அதற்கு மேல் என்றால் டிரைவரை எடுக்க வேண்டியதுதான். இன்னொரு கணினியில் உங்கள் லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்துக்குப் போய், அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் கொடுத்து, ஸ்டோரேஜ் அல்லது சாட்டா என்ற தலைப்பின் கீழ் ஆர்எஸ்டி டிரைவரைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் இன்டெல் தளத்திலேயே கிடைக்கும், ஆனால் எந்த வெர்ஷன் எந்தத் தலைமுறைக்கு என்று அந்தப் பக்கத்தில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு இறக்குங்கள். புதியது எல்லாவற்றுக்கும் சரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், புது வெர்ஷன்களில் பழைய தலைமுறைகளை விட்டுவிடுகிறார்கள்.

நிறையப் பேர் தடுக்கி விழுவது அடுத்த கட்டத்தில்தான். இறக்கிய ஃபைல் ஒரு எக்ஸி, அதாவது தட்டினால் ஓடும் புரோகிராம். அதை அப்படியே பென்டிரைவில் போட்டு, செட்டப்பில் பிரவுஸ் செய்து, 'கையொப்பமிட்ட டிரைவர் எதுவும் இல்லை' என்று வந்ததும் டிரைவர் தப்பு என்று விட்டுவிடுகிறார்கள். செட்டப்புக்கு எக்ஸி தேவையில்லை, அதற்குள் இருக்கும் ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ், கேட் ஃபைல்கள்தான் தேவை. இன்டெல்லின் செட்டப்ஆர்எஸ்டி என்றால் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து அந்த ஃபைலின் பெயர், ஓர் இடைவெளி, ஒரு ஹைஃபன், ஹைஃபனை ஒட்டியே 'எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்' என்று ஒரே சொல்லாக, மறுபடி இடைவெளி, கடைசியில் எந்த ஃபோல்டரில் பிரிக்க வேண்டுமோ அந்தப் பாதை, எல்லாம் ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். லேப்டாப் கம்பெனி கொடுக்கும் எக்ஸியாக இருந்தால் 7-ஜிப் வைத்துத் திறந்து பாருங்கள், பல நேரம் பிரிந்துவிடும். கடைசியில் உங்கள் கையில் ஐஏஸ்டோர்விடி என்று தொடங்கும் ஐஎன்எஃப் ஃபைல் இருக்கும் ஃபோல்டர் இருக்க வேண்டும். அந்த 'விடி'தான் விஎம்டிக்கான அடையாளம், ஐஏஸ்டோர்ஏசி என்று இருந்தால் அது பழைய வகைக்கு உரியது.

அந்த ஃபோல்டரை ஜிப்பாக இல்லாமல், முழுசாக, விண்டோஸ் இருக்கும் அதே பென்டிரைவிலேயே போட்டுக்கொள்ளலாம். தனிப் பென்டிரைவ் வேண்டியதில்லை.

இப்போது மறுபடி செட்டப், அதே காலித் திரை, லோட் டிரைவர், பிரவுஸ், உங்கள் ஃபோல்டர், ஓகே. சித்தி பையன் லேப்டாப்பில் ஒரே வரி வந்தது: இன்டெல் ஆர்எஸ்டி விஎம்டி கன்ட்ரோலர் 9ஏ0பி, பக்கத்தில் டிஜிஎல் என்று. டிஜிஎல் என்றால் டைகர் லேக், அதாவது 11-ஆம் தலைமுறை. உங்களுடையது 12 என்றால் 467எஃப் என்று வரும், 13 என்றால் ஏ77எஃப். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்துவிட்டு ஒரு பத்து நொடி கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள், திரை உறைந்த மாதிரி இருக்கும், பயந்து ஆஃப் செய்துவிடாதீர்கள். டிஸ்க் வந்து நிற்கும். வராவிட்டால் ரிஃப்ரெஷ் ஒரு தடவை. இங்கே கொடுத்த டிரைவர் போடப்போகும் விண்டோஸுக்குள்ளும் போய்விடும், அதனால் ரீஸ்டார்ட் ஆனபின் மறுபடி கேட்காது.

பட்டியலில் எதுவுமே வரவில்லை என்றால், உங்கள் ஹார்டுவேருக்குப் பொருந்தாத டிரைவர்களை மறை என்று ஒரு டிக் இருக்கிறதே, அதை எடுத்துப் பாருங்கள். எடுத்ததும் நாலைந்து வரி வந்தால் ஃபைல்கள் சரியாகப் பிரிந்திருக்கின்றன, ஆனால் உங்கள் தலைமுறைக்கு இது ஆகாது என்று அர்த்தம், வேறு வெர்ஷன் தேடுங்கள். எடுத்தும் காலி என்றால் ஃபோல்டர் தப்பு, அல்லது எக்ஸியைப் பிரிக்கவே இல்லை.

நம்பிக்கை இல்லாதவர்கள் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்துங்கள், சில லேப்டாப்பில் எஃப்என் கூட வேண்டும். கறுப்புத் திரை வரும். டிஸ்க்பார்ட் என்று தட்டி என்டர், அப்புறம் லிஸ்ட் டிஸ்க். டிரைவர் கொடுப்பதற்கு முன்னால் பென்டிரைவ் மட்டும் தெரியும், கொடுத்தபின் எஸ்எஸ்டியும் சேர்ந்து தெரியும். பார்த்துவிட்டு எக்ஸிட் கொடுத்து வெளியே வந்துவிடுங்கள். யூடியூப் பார்த்துவிட்டு அங்கே கிளீன் என்று தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது ஏன் என்று கேட்காமல் டிஸ்க்கின் பார்ட்டிஷன் மொத்தத்தையும் துடைத்துவிடும்.

இத்தனை பாடு எதற்கு, பயாஸில் விஎம்டியையே அணைத்துவிட்டால் என்ன? அணைக்கலாம். ஒரே ஒரு எஸ்எஸ்டி, ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவது) கிடையாது, டிஸ்க்கில் காப்பாற்ற எதுவும் இல்லை என்றால் நானே அதைத்தான் செய்வேன். அணைத்ததும் விண்டோஸின் சொந்த என்விஎம்இ டிரைவரே டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும். ஆசுஸில் எஃப்7 அழுத்தி அட்வான்ஸ்டு பக்கம் போனால் விஎம்டி செட்டப் இருக்கும். டெல்லில் ஸ்டோரேஜ் பகுதியில் ரெய்டு ஆன் என்பதை ஏஎச்சிஐ (சாதாரண டிஸ்க் முறை) என்று மாற்ற வேண்டும். ஏசரில்தான் வேடிக்கை: மெயின் பக்கத்தில் நின்று கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால்தான் ஒளித்து வைத்த விஎம்டி வரி வெளியே வரும். எச்பி லேப்டாப்கள் பலவற்றில் இந்த வசதியே கிடையாது, டிரைவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் அதே டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு விண்டோஸ் இருந்து, அது வேண்டும் என்றால் யோசிக்காமல் அணைக்காதீர்கள். அடுத்த தடவை ஆன் செய்யும்போது இனாக்சஸபிள் பூட் டிவைஸ் என்று நீலத்திரை வந்து நிற்கும். அப்படி வந்தால் பயாஸில் பழையபடி வைத்தால் சரியாகிவிடும், டேட்டா எங்கேயும் போகாது. முறையாக மாற்ற வேண்டுமென்றால் விண்டோஸ் உள்ளே இருக்கும்போதே எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட்டில் பயாஸுக்குள் போய் மாற்றி, சேஃப் மோடில் ஒரு தடவை ஏறவிட்டு, அப்புறம் அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். சேஃப் மோடில் சில சமயம் பின் எண் எடுக்காது, பாஸ்வேர்டைத் தெரிந்து வைத்துக்கொண்டு இறங்குங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், புது லேப்டாப்பில் நமக்குத் தெரியாமலேயே போட்டிருப்பார்கள். பயாஸில் கை வைத்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அதை முதலில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டிலிருந்து எழுதி எடுத்துக்கொண்டு, பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

ஏஎம்டி லேப்டாப்பில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. பயாஸில் ரெய்டு போட்டு வைத்திருந்தால் மட்டும் மூன்று டிரைவர்கள், ஆர்சிபாட்டம், ஆர்சிரெய்டு, ஆர்சிசிஎஃப்ஜி, இதே வரிசையில் கொடுக்க வேண்டும். விண்டோஸ் 7-ஐ இன்னும் விடாதவர்களுக்கு: அதற்கு என்விஎம்இ என்றாலே என்னவென்று தெரியாது, கேபி2990941 என்ற அப்டேட்டைச் செட்டப்புக்குள்ளேயே சேர்த்தால்தான் டிஸ்க் தெரியும், 8.1 முதல்தான் அது கூடவே வருகிறது. உபுண்டு (லினக்ஸ்) போடுகிறவர்களுக்கு லோட் டிரைவர் மாதிரி ஒன்றும் கிடையாது. ஆர்எஸ்டியை அணைத்துவிட்டு வா என்று இன்ஸ்டாலர் நின்றால் பயாஸில் ஏஎச்சிஐக்கு மாற்றுவதுதான் வழி, பக்கத்தில் விண்டோஸ் இருந்தால் மேலே சொன்ன சேஃப் பூட் வேலையை முதலில் முடித்துவிட்டு.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் இதில் போட முடியாது, எம்பிஆர் பார்ட்டிஷன் இருக்கிறது என்று சொல்கிறதா? அது டிரைவர் சமாச்சாரமே இல்லை. எம்பிஆர் என்பது பார்ட்டிஷன்களைக் குறித்து வைக்கும் பழைய முறை, ஜிபிடி என்கிற புது முறைக்கு மாற்ற வேண்டும். டேட்டா வேண்டாமென்றால் அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை எல்லாம் டெலீட் செய்துவிட்டு காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுங்கள், அதுவே பார்த்துக்கொள்ளும். டெலீட் செய்வதற்கு முன் அளவைப் பாருங்கள், சில நேரம் பென்டிரைவும் அதே பட்டியலில் நிற்கும்.

கிளம்பும் முன்னால் இரண்டு சாமான்கள். ஒன்று யூஎஸ்பி மவுஸ், ஏனென்றால் செட்டப்பில் டச்பேட் பல லேப்டாப்பில் வேலை செய்யாது. இன்னொன்று வைஃபை டிரைவர். ஸ்டோரேஜ் டிரைவர் இறக்கும்போதே அதையும் இறக்கி அதே பென்டிரைவில் போட்டுவிடுங்கள். சித்தி பையனுக்கு டிஸ்க் வந்து, விண்டோஸ் ஏறி, கடைசியில் இன்டர்நெட் கொடு என்று திரை நின்றபோது வைஃபை பட்டியல் காலியாக இருந்தது, மொபைலை கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் போட்டுத்தான் தாண்டினோம்.