கிளாரினெட்டில் கிளிசாண்டோ: எங்கே சறுக்குகிறோம்?

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருந்து கிளிசாண்டோ பழகுவதில் ஒரு வசதி உண்டு. ரயில் போகும் நேரம் பார்த்து ஊதினால் யாருக்கும் கேட்காது. நேரம் தவறிப்போன ஒரு நாள், கீழ்வீட்டு அன்ரி படியில் மறித்து, "தம்பி, பின்னேரத்தில பூனை கத்துற மாதிரிக் கேக்குது, உங்கட வீட்டிலயோ?" என்றார். பூனை இல்லை அன்ரி, நான்தான் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அப்படிக் கத்திய மாதங்களில் நான் விட்ட பிழைகள்தான் இவை.

ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக ஏறாமல் வழுக்கிக்கொண்டே போவதுதான் கிளிசாண்டோ. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு ஜாரு என்றால் உடனே விளங்கும். கிளாரினெட்டில் இதற்குப் பேர்போனது, ஜார்ஜ் கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் புளூ' தொடங்கும் இடம். 1924 பெப்ரவரி 12 அன்று நியூயோர்க்கில் அரங்கேறிய படைப்பு அது. கெர்ஷ்வின் எழுதி வைத்தது 17 சுரங்கள் கொண்ட ஓர் ஓட்டம் மட்டுமே. ரொஸ் கோர்மன் என்ற கிளாரினெட் கலைஞர் ஒத்திகையில் அதைப் பகிடிக்கு இழுத்து ஊதினாராம். கெர்ஷ்வினுக்கு அது பிடித்துப்போய், அரங்கிலும் அப்படியே வாசிக்கச் சொல்லிவிட்டார் என்பார்கள். அவர் பகிடிக்குச் செய்ததைத்தான் நாங்கள் வியர்க்க வியர்க்கப் பழகுகிறோம்.

இதை விரல் வித்தை என்று நினைத்ததுதான் என் முதல் பிழை. மற்றப் பிழைகளில் பாதிக்கும் அதுவே தாய். யாராவது வாசிக்கும் வீடியோவைப் பார்த்தால் விரல்கள் துளைகளை விட்டு நழுவுவது மட்டும்தான் தெரியும். நானும் அப்படியே நழுவவிட்டுப் பார்த்தேன். வந்தது வழுக்கல் அல்ல, அவசரமாக ஊதிய ஒரு குரோமட்டிக் ஸ்கேல், அதாவது அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறும் படிக்கட்டு. விரல் எவ்வளவு மெதுவாக விலகினாலும் சுரம் ஒரு படியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது.

வீடியோவில் தெரியாத வேலை வாய்க்குள் நடக்கிறது. ஊதும் இடத்தில் பூட்டியிருக்கும் மெல்லிய நாணல் தகடான ரீட் இரண்டு குழாய்களுக்கு நடுவே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கிளாரினெட், மறுபக்கம் நம் வாயும் தொண்டையும். சாதாரணமாக வாசிக்கும்போது கிளாரினெட்டின் பிடிதான் பலமானது, ரீட் அது சொன்னபடி அதிரும். மேல் சுரங்களில் மட்டும், நாக்கின் வடிவத்தை மாற்றி வாய்ப்பக்கத்தின் ஒத்ததிர்வைப் பலப்படுத்தினால், ரீட் அந்தப் பக்கம் சாயத் தொடங்கும். சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேர்ந்த கலைஞர்களின் வாய்க்குள் நடப்பதை அளந்து 2009இல் வெளியிட்டார்கள். கிளிசாண்டோவின்போது விரல்கள் முன்னே போய்விடுகின்றன, கேட்கும் சுரம் அதைவிடக் கீழேதான் இருக்கிறது. அதைக் கீழே பிடித்து வைத்திருப்பது தொண்டையும் நாக்கும்.

காலிமுகத்திடலில் பட்டம் விட்டவர்களுக்கு இது கைப்பழக்கம். காற்று மேலே இழுக்கும், நாங்கள் நூலை இறுக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம். இங்கே காற்றின் வேலையை விரல்கள் செய்கின்றன, நூல் இருப்பது நாக்கில். நூல் இல்லாமல் பட்டம் விடத்தான் நான் இரண்டு மாதம் மினக்கெட்டேன்.

அதனால் பழகும் ஒழுங்கையே தலைகீழாக்க வேண்டும். ஏறுவதற்கு முன் இறங்கப் பழகுங்கள். கிளாரினெட்டில் சுரத்தை மேலே வளைப்பது மிகக் கொஞ்சம்தான் முடியும், கீழே வளைக்க நிறைய இடம் இருக்கிறது. இசைக்குறிப்பின் ஐந்து கோடுகளுக்கு மேலே, இரண்டாவது துணைக்கோட்டில் இருக்கும் சி சுரத்தை எடுங்கள். அதற்கு இடது பெருவிரலும், வாத்தியத்தைக் கீழ்ப் பகுதியிலிருந்து மேல் பகுதிக்கு (ரெஜிஸ்டருக்கு) மாற்றும் ரெஜிஸ்டர் கீயும் போதும். நீளமாக ஊதியபடி, ஒரு விரலையும் அசைக்காமல், வாய்க்குள் 'ஈ' என்று இருக்கும் நாக்கை மெல்ல 'ஊ'வுக்கும் பிறகு 'ஓ'வுக்கும் கொண்டுபோங்கள். விளங்கவில்லை என்றால் வெறுமனே விசில் அடித்து, உயர்ந்த சத்தத்திலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். நாக்கு பின்னே போகிறதல்லவா? அதேதான். போனில் ஒரு டியூனர் செயலியைத் திறந்து வைத்தால், முதல் நாட்களில் முள் கொஞ்சம்தான் சாயும். ஒரு முழுத்தொனி (இரண்டு அரைச்சுரம்) இறங்கி, உடையாமல் திரும்பி ஏற முடிந்த பிறகுதான் விரலைச் சேர்க்க வேண்டும். எனக்கு அதற்கு ஐந்து வாரம் பிடித்தது. மிகவும் சலிப்பான ஐந்து வாரம்.

இந்த இடத்தில் பலர் தாடையால் ஏமாற்றப் பார்ப்பார்கள். கீழ்த்தாடையைத் தளர்த்தினால் சுரம் இறங்கத்தான் செய்யும், ஆனால் சிறிது தூரம்தான். அதற்குமேல் சத்தம் சோர்ந்துவிடும், அல்லது கீச்சிடும். உதடு கொஞ்சம் இளகலாம், முழுப் பாரத்தையும் அதன்மேல் போடக் கூடாது. கண்ணாடி முன் நின்று ஊதிப் பாருங்கள். நாடி பெரிதாக ஏறி இறங்கினால் வேலை தப்பான இடத்தில் நடக்கிறது.

அடுத்தது, அடியிலிருந்தே வழுக்கப் பார்ப்பது. கெர்ஷ்வின் ஓட்டம் தாழ்ந்த சுரத்தில் தொடங்குவதால், முழுவதையும் வழுக்கியாக வேண்டும் என்று நானும் நம்பியிருந்தேன். கீழ்ப் பகுதியில் தொண்டையின் சொல் அவ்வளவாக எடுபடாது. அத்துடன் நடுவில் ரெஜிஸ்டர் மாறும் இடம் வேறு குறுக்கே கிடக்கிறது. பலரும் நான்காம் கோட்டில் உள்ள டி வரைக்கும் வேகமான ஸ்கேலாக வந்து, அங்கிருந்துதான் வழுக்கத் தொடங்குகிறார்கள். ஏன் டி என்றால், அதை ஊதும்போது ஆறு விரல்கள் ஆறு துளைகளை மூடியிருக்கும், சின்ன விரல்களுக்கு வேலை இல்லை. அந்த ஆறையும் கீழிருந்து வரிசையாகத் திறந்தால் மேல் சி வந்துவிடும். இடையில் ஒரு கீயையும் தொட வேண்டியதில்லை. வாத்தியமே ஒரு சறுக்குமரம் செய்து வைத்திருக்கிறது.

அந்த ஆறு விரல்களையும் நேரே மேலே தூக்கினால் மறுபடி படிக்கட்டுத்தான். துளையின் விளிம்பிலிருந்து பக்கவாட்டில், ஒட்டிய ஸ்டிக்கரை உரிப்பதுபோல், இழுத்து எடுக்க வேண்டும். ஒரு விரல் முழுதாக விலகும் முன்பே அடுத்தது புறப்பட்டிருக்க வேண்டும். இடது பெருவிரல் மட்டும் அசையக் கூடாது. அது சற்று நகர்ந்தாலும் எல்லாம் குலைந்துவிடும், எனக்குப் பாதி நாள் அங்கேதான் குலைந்தது.

காற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சுரம் நடுங்கும்போது பயத்தில் காற்றைக் குறைப்போம், குறைத்தால் இன்னும் நடுங்கும். மேலே போகப் போகக் கூட்டுங்கள்.

ரீட் விஷயத்தில் காசை வீணாக்கியிருக்கிறேன். கடினமான ரீட் வளைய மறுக்கிறது என்று ஒருவர் சொல்ல, மிக மெல்லியது வாங்கினேன். வளைந்தது உண்மைதான், ஆனால் மேல் சுரங்கள் எல்லாம் தாழ்ந்துபோய் நின்றன. வழக்கமாக வாசிக்கும் ரீட்டிலேயே பழகுவது நல்லது. கொழும்பின் ஈரக்காற்றில் வெளியே கிடக்கும் ரீட் நெளிந்துவிடும், தட்டையான பெட்டியில் வையுங்கள். நெளிந்த ரீட்டோடு ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு எனக்குத் தொண்டையே சரியில்லை என்று முடிவுகட்டியவன் நான்.

கடைசியாக, கர்நாடக இசையிலிருந்து வருபவர்களுக்கு ஒன்று. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் இதே வாத்தியத்தில் ராகங்களைக் குழைத்து வாசித்ததைக் கேட்டவர்கள், கமகம் வந்தால் கிளிசாண்டோவும் வந்துவிடும் என்று நினைக்கலாம். பாதி வரும். துளையைப் பாதி மட்டும் மூடும் அரைத்துளை பழகிய விரல் பெரிய சொத்து, நாதஸ்வரம் வாசித்தவர்களுக்கு அது இன்னும் சுகம். ஆனால் ஜாருவில் புறப்படும் சுரமும் போய்ச் சேரும் சுரமும் ராகத்துக்குக் கட்டுப்பட்டவை. அதற்குள் இந்த நீண்ட ஊளையைக் கொண்டுவந்து சொருகினால் ராகம் முகம் சுளிக்கும். ஒரு கலியாண வீட்டில் நான் மோகனத்தில் அப்படி ஒன்று இழுத்தேன். தவில்காரர் வாசிப்பதை நிறுத்தவில்லை, என்னைத் திரும்பி மட்டும் பார்த்தார்.