தைராய்டு கட்டிக்குக் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட்: செய்யும் முறையும் படித்தறியும் முறையும்

சென்னையில் ‘கான்ட்ராஸ்ட்’ (படம் தெளிவாகத் தெரிய ரத்தநாளத்தில் செலுத்தும் மருந்து) என்றாலே சி.டி. ஸ்கேன்தான் நினைவுக்கு வருகிறது. அதனால் தாம்பரத்திலிருந்து காலை ரயிலில் காபிகூடக் குடிக்காமல், கையில் கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாடு) ரிப்போர்ட்டுடன் வந்து காத்திருக்கும் நோயாளிகள் உண்டு. கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்டில் செலுத்துவது சி.டி.யில் போல அயோடின் மருந்து அன்று, சல்பர் ஹெக்சாஃப்ளூரைடு வாயு அடைத்த நுண்குமிழிகள் என்பதையும், அந்த வாயு சிறுநீரகத்தின் வழியாக அல்லாமல் மூச்சுக்காற்றில் வெளியேறிவிடும் என்பதையும் முதலிலேயே விளக்குங்கள். அயோடின் இல்லாததால், பின்னாளில் கதிரியக்க அயோடின் சிகிச்சை தேவைப்பட்டாலும் இந்தப் பரிசோதனை அதற்குத் தடையாகாது.

முதலில் சாதாரண அல்ட்ராசவுண்டை முழுமையாக முடித்து, டி.ஐ.ராட்ஸ் தரத்தையும் (தைராய்டு கட்டியில் புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று ஸ்கேன் தோற்றத்தை வைத்துத் தரப்படுத்தும் முறை) கழுத்து நிணநீர்க் கணுக்களையும் குறித்துக்கொள்ளுங்கள். முழுக்க நீர்க்கட்டியாகவோ பஞ்சு போன்றோ தெரியும் கட்டிக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. குமிழி மருந்துக்கோ அதிலுள்ள மேக்ரோகோலுக்கோ முன்பு ஒவ்வாமை ஏற்பட்டவர்களுக்கு இதைச் செய்யக் கூடாது. மற்றவர்களுக்கும் அவசர மருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

முழங்கை மடிப்பிலுள்ள சிரையில் 20 கேஜ் கேனுலா போடுங்கள். மிக மெல்லிய ஊசியில் குமிழிகள் உடைந்துபோகும். மெக்கானிக்கல் இண்டெக்ஸை (ஒலியலையின் அழுத்தத்தைக் காட்டும் அளவு) 0.1-க்கும் கீழே வைத்து, கட்டியும் அதை ஒட்டிய இயல்பான தைராய்டுப் பகுதியும் ஒரே ஆழத்தில் தெரியுமாறு புரோபை நிறுத்துங்கள். அழுத்திப் பிடித்தால் மெல்லிய நாளங்கள் நசுங்கி, இல்லாத குறைவு ஒன்று படத்தில் தோன்றும். உயர் அதிர்வெண் புரோபில் குமிழிகளின் ஒலி மங்கலாகவே வருவதால் 2.4 மி.லி. வரை தேவைப்படலாம், அதைத் தொடர்ந்து 5 மி.லி. சலைன் செலுத்துங்கள். “எச்சில் விழுங்காம, மெதுவா மூச்சு விடுங்கம்மா” என்று சொல்லிவிட்டு, ஊசி போட்ட நொடியிலிருந்து 2 நிமிடமாவது பதிவு செய்யுங்கள்.

படத்தைப் படிக்கையில் கட்டியைத் தனியாகப் பார்க்காமல், பக்கத்துத் தைராய்டுத் திசுவுடன் ஒப்பிட்டே பாருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான தவறுகள் இந்த ஒப்பீட்டை விட்டுவிடுவதால்தான் நேர்கின்றன. சுற்றுத் திசுவைவிடக் குறைவாகவும் திட்டுத்திட்டாகவும் ஒளிர்ந்தால் பாப்பில்லரி (தைராய்டு புற்றுநோயில் ஒரு வகை) புற்றுநோய்ச் சந்தேகம் கூடுகிறது, ஏனெனில் அதில் நார்த்திசு மிகுந்து நாளங்கள் ஒழுங்கற்றுக் குறைந்திருக்கும். கட்டியைச் சுற்றி வளையம்போல ஒளி முழுமையாக ஓடினாலோ, உள்ளே சீராகப் பரவினாலோ தீங்கற்றதாக இருக்கும் வாய்ப்பு அதிகம். சாதாரண ஸ்கேனில் மிரட்டும் கருமையுடன் தெரிந்த ஒன்று சற்றும் ஒளிராவிட்டால், அது நீர் வற்றிச் சுருங்கிய பழைய நீர்க்கட்டியாக இருக்கலாம். வீணான அச்சத்தைத் தணிக்க இந்தப் பரிசோதனை மிகவும் உதவுவது இங்கேதான்.

ஆனால் அண்மையில் எஃப்.என்.ஏ.சி. (மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை எடுக்கும் பரிசோதனை) செய்திருந்தால் உள்ளே கசிந்த ரத்தம் ஒளிராமல் ஏமாற்றும்; ஹாஷிமோட்டோ (உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் நோய்) பாதிப்பில் ஒப்பிடும் திசுவே இயல்பாக இருக்காது; தடித்த சுண்ணாம்புப் படிவின் நிழலில் எதையும் கணிக்க இயலாது. ஃபாலிக்குலர் என்னும் இன்னொரு வகைத் தைராய்டு புற்றுநோயையும் தீங்கற்ற கட்டியான அடினோமாவையும் உறையையோ நாளத்தையோ ஊடுருவியிருப்பதை வைத்தே பிரிக்க முடியும் என்பதால், அங்கே அறுவைக்குப் பிந்தைய திசு ஆய்வே விடை தரும். ஆகவே டி.ஐ.ராட்ஸ் 5-ஆம் தரத்தில் 1 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும் கட்டி எவ்வளவு சீராக ஒளிர்ந்தாலும் எஃப்.என்.ஏ.சி.யைத் தவிர்க்காதீர்கள். எஃப்.என்.ஏ.சி. செய்பவருக்கு உதவியாக, எந்தப் பகுதி ஒளிர்ந்தது, எது ஒளிராமல் கிடந்தது என்பதை ரிப்போர்ட்டில் படத்துடன் குறித்துக் கொடுங்கள். செத்த திசுவைக் குத்தி, போதிய செல் இல்லை என்ற முடிவுடன் நோயாளி மறுபடி வர நேராது.